சுவருக்குள் ஓர் இடம்: மாடம் அமைக்க நினைப்பவர்களுக்கு

சுவரில் ஒரு பொருளுக்கு இடம் தர மூன்று வழிகள் உண்டு. ஆணி அடித்து மாட்டலாம். பலகை பொருத்தி அதன்மேல் வைக்கலாம். சுவரின் கனத்துக்குள்ளேயே ஓர் இடத்தை ஒதுக்கி அதில் அமர்த்தலாம். மூன்றாவது வழியைத்தான் மாடம் என்கிறோம். முதலிரண்டு வழிகளிலும் பொருள் சுவருக்கு முன்னால் அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாடத்திலோ அது சுவரின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. பின்புறமும் இருமருங்கும் அடியும் மேலும் சூழ்ந்திருப்பதால், உள்ளே இருப்பது ஒரு சாண் உயரப் பித்தளை விளக்காயினும், அறைக்குள் நுழைபவரின் கண் முதலில் அங்கே போய்த் தங்கும். இந்த ஆற்றலுக்காகவே வீடுகளிலும் கடைகளிலும் மாடத்தை இன்று மீண்டும் பலர் விரும்பிக் கேட்கிறார்கள்.

பழந்தமிழில் மாடம் என்ற சொல் அடுக்குமாளிகையைக் குறித்தது. கட்டடங்களில் அடைந்து வாழும் புறாவுக்கு மாடப்புறா என்று பெயர் வந்ததும் அதனால்தான். அதே சொல் சுவர்க்குழிக்கும் வழங்கியது. விளக்கு மாடம், மாடக்குழி, மாடாக்குழி என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். பெங்களூரில் வேலை செய்விக்கும் தமிழர்கள் இன்னும் சில சொற்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதைக் ‘கூடு’ என்பார்கள். நமக்கு முதலில் பறவையின் கூட்டை நினைவூட்டும் சொல் அவர்களுக்குச் சுவர்க்குழியும் ஆகிறது. வடக்கிலிருந்து வந்து டைல்ஸ், ஜிப்சம் வேலை செய்பவர்களிடம் ‘தாக்’ என்றோ ‘ஆலா’ என்றோ சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். சொல் சரியாகப் போய்ச் சேராமல், மாடம் கேட்ட இடத்தில் பலகைத் தட்டு வந்து நின்றதை இந்த நகரத்தில் உள்வேலைகளை மேற்பார்வையிடும் நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

பெங்களூர் அல்சூரில் என் பாட்டி வாழ்ந்த ஓட்டு வீட்டில் வாசற்கதவின் இருமருங்கும் இரண்டு விளக்கு மாடங்கள் இருந்தன. சுவர் ஒன்றரை அடிக் கனம். ஆகவே ஒரு முழுச் செங்கல் ஆழத்துக்கு இடம் விட்டும் பின்னால் போதிய சுவர் மிஞ்சியது. அந்த மாடங்களைக் கட்டிய கொத்தனார் தனியாக எதையும் வடிவமைத்திருக்க மாட்டார். சுவரைக் கட்டிக்கொண்டு போகையில் இரண்டு செங்கல்லை வைக்காமல் விட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார், அவ்வளவே. இன்று பெங்களூரின் அடுக்ககங்களில் அறைகளுக்கு இடையிலான சுவர் பெரும்பாலும் 4 அங்குலமோ 6 அங்குலமோதான். பூச்சையும் சேர்த்தாலும் ஒரு சாண் கனம் தேறாது. மாடம் வழக்கொழிந்ததற்கு ரசனை மாறியதைவிடச் சுவர் மெலிந்ததே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆகவே இன்றைக்கு ஒரு மாடத்தை வடிவமைப்பது என்றால், இல்லாத கனத்தை எப்படித் தேடிக்கொள்வது என்ற கேள்விக்கு விடை காண்பதுதான்.

உள்ளே இருக்கப்போவது எது?

மாடம் வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் படத்திலிருந்து வேலையைத் தொடங்கக்கூடாது. மாடத்துக்குள் இருக்கப்போகும் பொருளை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, அதன் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. பொருள் முடிவாகாமல் கட்டப்படும் மாடம், பின்னாளில் சாவிக்கொத்தும் மின்கட்டண ரசீதும் கிடக்கும் இடமாகிவிடுவதைப் பல வீடுகளில் காணலாம்.

அளவுக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். பொருளின் அகலத்தோடு இருபுறமும் நான்கு விரற்கடை சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் உயரத்தோடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். மாடத்தின் மேற்பகுதி வளைவாக இருந்தால் அந்த வளைவின் உயரம் இதற்கு மேல் தனி. 23 செ.மீ. உயரமும் 18 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு பிள்ளையார் சிலைக்கு இவ்வகையில் ஏறத்தாழ 33 செ.மீ. அகலமும், வளைவையும் சேர்த்து 45 செ.மீ. உயரமும் வரும். பொருளை நெருக்கிப் பிடிக்கும் மாடம் பெட்டியைப் போலத் தோன்றும். மிகப் பெரிதாக விட்டால் பொருள் அனாதையாக நிற்கும். ஐயம் இருந்தால், அதே அளவில் ஒரு அட்டையை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு மூன்று நாள் போகவர அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். செலவில்லாத இந்தச் சோதனையை நான் யாரையும் தவிர்க்கவிடுவதில்லை.

பொருள் விளக்காக இருந்தால் கணக்கு மாறுகிறது. எண்ணெயும் திரியும் இட்டு ஏற்றும் சுடருக்கு மேலே ஒரு முழமாவது வெற்றிடம் இருப்பது நல்லது. பாட்டி காலத்து மாடங்கள் சிறியவைதாமே என்று கேட்கலாம். உண்மைதான்; அவற்றின் உட்புறம் கரிபடிந்து கறுத்தே இருந்தது; பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து வெளுத்தார்கள். ஆண்டுதோறும் வெள்ளையடிக்க இயலாத வீட்டில் உயரத்தைக் கூட்டுவதே வழி.

தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அமைப்பது என்பதும் பொருளையும் பயன்படுத்துபவரையும் பொறுத்தது. நின்று பார்க்கும் அலங்காரப் பொருளின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலோரின் கண்ணுக்கு நேராக அமையும். நின்றபடி பூசை செய்வதற்கான மாடத்தின் அடித்தளம் 110 செ.மீ. அளவில் இருந்தால் விளக்கேற்றும் கை எளிதாக எட்டும். அமர்ந்து பூசை செய்யும் வழக்கமுள்ள வீட்டில் அதைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். விளக்கேற்றப்போவது வீட்டின் மூத்த பெண்மணி என்றால் அவரை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி அளந்துகொள்வதைவிடச் சரியான அளவு வேறில்லை.

சுவரை அறிதல்

பொருள் முடிவானபின் சுவருக்கு வருவோம். எல்லாச் சுவரையும் வெட்டலாகாது. இந்த ஒரு செய்தியை மட்டுமாவது படிப்பவர்கள் உறுதியாக மனத்தில் கொள்ள வேண்டும்.

பெங்களூரில் இன்று காணும் குடியிருப்புகளை இதற்காக மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல்வகை, மல்லேசுவரம், பசவனகுடி, அல்சூர், பிரேசர் டவுன் போன்ற பழைய பகுதிகளில் எஞ்சியிருக்கும் வீடுகள். இவற்றில் தூண்கள் கிடையா. கூரையின் பாரத்தைச் சுவரே தாங்குகிறது. பாரம் தாங்கும் சுவரில் குழியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொறியாளர்கள் கடைப்பிடிக்கும் விதி. 9 அங்குலச் சுவரில் 3 அங்குலம். 13½ அங்குலச் சுவரில் 4½ அங்குலம். மண்சாந்தில் கட்டிய சுவராயின், குடையும்போது மேலேயுள்ள செங்கற்கள் தாமாகவே உதிர்ந்து விழக்கூடும் என்பதால் கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் உளியை வைக்கவே கூடாது.

இரண்டாவது வகை, கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் எழுப்பி, இடையில் சிமென்ட் கட்டியாலோ, காற்றுத்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட்டான ஏ.ஏ.சி. கட்டியாலோ அடைத்த வீடுகள். நகரத்தின் பெரும்பாலான தனிவீடுகளும் பல அடுக்ககங்களும் இவ்வகையே. இங்கே சுவர் பாரம் தாங்குவதில்லை. ஆகவே மாடம் குடைய இடமுண்டு. ஆனால் தூண்கள் சுவரோடு சுவராக மறைந்திருக்கும். கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்துத் தூண் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே இடத்தைக் குறிக்க வேண்டும். தட்டிப் பார்த்து ஒலியால் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். பூச்சுக்குப் பின்னால் அந்த ஒலியை நம்பி வெட்டத் துணிவது எனக்கு ஏற்புடையதன்று.

மூன்றாவது வகை, அலுமினிய அச்சுகளை நிறுத்திச் சுவரையும் கூரையையும் ஒருசேரக் கான்கிரீட்டாகவே வார்த்த அடுக்ககங்கள். மிவான் கட்டடம் என்று சொல்வது இதைத்தான். ஒயிட்பீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கங்களில் எழுந்த உயரமான குடியிருப்புகள் பலவும் இந்த முறையில் ஆனவை. இங்கே ஒவ்வொரு சுவரும் கம்பி உள்ள கான்கிரீட். ஒவ்வொன்றும் மாடிகளைத் தாங்குகிறது. இத்தகைய சுவரில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக்கூடக் குழி தோண்டக்கூடாது. வீட்டை ஒப்படைக்கும்போது தரும் கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கும். இல்லையெனில் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சுவர் வெட்டத் தக்கதே என்றாலும் இன்னும் சில தடைகள் உண்டு. ஸ்விட்ச்போர்டுக்கு நேர்மேலும் நேர்கீழும் மின்குழாய் போகும்; குளியலறைக்கும் சமையலறைக்கும் பொதுவான சுவரில் தண்ணீர்க் குழாய் போகும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவரை மெலியச் செய்தால் அவர்கள் பேசுவது நமக்கும் நாம் பேசுவது அவர்களுக்கும் கேட்கத் தொடங்கும். மேற்கும் தென்மேற்கும் பார்த்த வெளிச்சுவர் சூன் முதல் செப்டம்பர் வரை மழையை வாங்குகிறது. அதைக் குடைந்தால் மிஞ்சும் மெல்லிய பின்சுவரில் ஈரம் ஊறி, எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உரியும். உள்ளறைகளுக்கு இடையிலான சுவர்தான் மாடத்துக்கு ஏற்ற இடம்.

இனி, முன்சொன்ன பிள்ளையாருக்கு வருவோம். 8 அங்குலச் சிமென்ட் கட்டிச் சுவர், இருபுறப் பூச்சோடு ஏறத்தாழ 23 செ.மீ. கனம். பின்னால் 10 செ.மீ. சுவரை விட்டுவைக்க வேண்டும். அதன் மறுபுறப் பூச்சு ஒன்றரை செ.மீ.; மாடத்தின் உட்புறம் புதிதாகப் பூசுவது இன்னொரு ஒன்றரை. கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சும் ஆழம் 10 செ.மீ. மட்டுமே. சிலையின் ஆழமோ 12 செ.மீ.; அதற்கு முன்னால் ஒரு அகல் வைக்க இன்னும் 10 செ.மீ. வேண்டும். வடிவமைப்பு உண்மையில் தொடங்குவது இந்தக் கணக்கு முட்டும் இடத்தில்தான்.

இதற்கு விடையை நம் சிற்பிகள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுவிட்டார்கள். சிவன் கோயிலில் கருவறையைச் சுற்றி வரும்போது தென்சுவரில் தட்சிணாமூர்த்தியும் பின்சுவரில் இலிங்கோத்பவரும் அமர்ந்திருக்கும் கோட்டங்களை, அதாவது சுவர் மாடங்களை, நின்று கவனித்துப் பார்க்க வேண்டும். குழி அவ்வளவு ஆழமாக இராது. ஆனால் இருபுறமும் அரைத்தூண்கள் சுவரிலிருந்து வெளியே புடைத்து நிற்கும். மேலே மகர தோரணம் என்னும் அலங்கார வளைவு முன்னே வளைந்து கவியும். அடியில் ஒரு பீடம் வெளியே நீளும். குழியின் ஆழத்தோடு இந்தப் புடைப்பும் சேர்ந்துகொள்ள, கண்ணுக்கு அது ஆழ்ந்த மாடமாகத் தெரிகிறது. உள்ளே போக இயலாத அளவை வெளியே எடுத்துக்கொள்ளும் இந்த உத்தி இன்றைய மெலிந்த சுவருக்கு அப்படியே பொருந்துகிறது. பிள்ளையார் மாடத்தைச் சுற்றி 8 செ.மீ. புடைத்த ஒரு சட்டத்தைத் தேக்கிலோ பூச்சு வேலையிலோ அமைத்து, அடியில் உள்ள கல்லை அதற்கும் 5 செ.மீ. முன்னே நீட்டினால் 23 செ.மீ. ஆழம் கிடைத்துவிடுகிறது. சிலை நிழலுக்குள் அமரும். அகல் முன்னால் நிற்கும்.

வெட்டவே கூடாத கான்கிரீட் சுவரிலும் இதே வழிதான், முழு அளவில். இருக்கும் சுவருக்கு முன்னால் இரும்புச் சட்டகம் நிறுத்தி ஜிப்சம் போர்டு அடித்து, அல்லது 4 அங்குல இலேசான கட்டியால் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி, அதில் மாடத்தை விட்டுவிடலாம். அறையில் அரை அடி குறையும் என்பது உண்மை. ஆனால் பொய்ச்சுவரைச் சுவரின் நடுவில் ஒரு திட்டாக நிறுத்தாமல் மூலை முதல் மூலை வரை கொண்டுபோனால் யாருக்கும் அது பொய்ச்சுவராகத் தெரியாது. கட்டிச்சுவராயின், அந்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெட்டும் முறை

தூண்களுக்கு இடையிலான கட்டிச் சுவரைக் குடையும்போது வரிசைமுறை தவறக்கூடாது. முதலில் மாடத்தின் மேல்விளிம்புக்கு மேலே ஒரு நீண்ட காடியை மட்டும் வெட்டி, அதில் கடப்பா கல்லைச் செருக வேண்டும். கல் மாடத்தின் அகலத்தைவிட இருபுறமும் 15 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். இடுக்குகளைச் சிமென்ட் கலவையால் இறுக அடைத்து, ஒரு வாரம் நனைத்து ஆறவிட்ட பிறகே அதன் கீழே குடையத் தொடங்க வேண்டும். முதலில் குடைந்துவிட்டுப் பிறகு கல் வைப்போம் என்று அவசரப்படும் மேஸ்திரியை அன்போடு நிறுத்திவைப்பது வீட்டுக்காரரின் கடமை. இரண்டடிக்கு மேல் அகலம் வேண்டுமெனில் கடப்பா கல் போதாது. கம்பி கட்டிய கான்கிரீட் லிண்டல் தேவைப்படும்.

குடைவதற்கு மின்சுத்தியலைக் கொண்டு அதிரடிப்பது தவறு. கோட்டின்மீது கட்டரால் நான்கு பக்கமும் ஆழமாக அறுத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உளியாலும் சிறுசுத்தியாலும் கொத்தி எடுத்தால் சுவரின் மறுபக்கப் பூச்சு வெடிக்காது. ஏ.ஏ.சி. கட்டியை ரம்பத்தாலேயே அறுக்கலாம். ஆயினும் அதன் ஓரங்கள் பொரிந்துவிடும் இயல்புடையவை. விளக்குக்கு மின்கம்பி போக வேண்டுமெனில் குழாயை இந்த நிலையிலேயே பதித்துவிட வேண்டும்.

பூச்சும் விளிம்பும்

மாடத்தின் அழகு அதன் விளிம்பில் இருக்கிறது. பெரிய சுவரில் பூச்சு நூல் அளவு வளைந்திருந்தால் எவர் கண்ணிலும் படாது. ஆனால் ஒன்றரை அடிச் சதுரத்தில் நான்கு விளிம்புகள் அருகருகே இருக்கும்போது, அதே வளைவு தினமும் கண்ணை உறுத்தும். ஆகவே உட்பூச்சைத் தொடங்குமுன் நான்கு வெளிமூலைகளிலும் பி.வி.சி. அல்லது அலுமினிய மூலைப்பட்டையைப் பதித்து, ரசமட்டமும் மூலைமட்டமும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பட்டை விளிம்புக்கு நேர்த்தியையும் தரும், பின்னாளில் பாத்திரமோ துடைப்பமோ இடிக்கும்போது உடையாமலும் காக்கும். பழைய சுவரும் புதிய கல்லும் சேரும் இடங்களில் கோழிவலைக் கம்பியை அடித்துவிட்டுப் பூசினால் மயிரிழை விரிசல் குறையும்.

சிமென்ட் பூச்சு ஒரு வாரமாவது நனைய வேண்டும். அதன் பிறகு பட்டி பார்ப்பதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் நான்கு வாரம் உலரவிடுவது நல்லது. கிரகப்பிரவேச நாள் நெருங்குகிறது என்று இந்தக் காலத்தைக் குறைத்த வீடுகளில் மாடத்தின் மூலைகளிலிருந்துதான் பெயின்ட் முதலில் உரிகிறது. காற்றோட்டம் குறைந்த குழியில் ஈரம் மெல்லவே வெளியேறும்.

என்ன பொருளால் முடிப்பது என்பதில் எனக்கு உறுதியான விருப்பங்கள் உண்டு. தீச்சுடர் எரியும் மாடத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சே சிறந்தது. அது எரியாது, வெப்பத்தால் நாறாது, கரி படிந்தால் மேலே இன்னொரு கை சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்துத் தேய்க்கும் செட்டிநாட்டுப் பூச்சைத் தெரிந்த கைவினைஞர் கிடைத்தால், அந்த மழமழப்புக்கு ஈடாக எந்த டைல்ஸையும் நான் சொல்லமாட்டேன். அடித்தளத்துக்கு மெருகேற்றிய கிரானைட்டோ கடப்பாவோ வேண்டும். நல்லெண்ணெய் சொட்டினால் சீயக்காய்த் தூளோ அரிசிமாவோ தூவித் துடைத்துவிடலாம். காவிச் சிவப்புத் தளமும் அழகுதான், ஆனால் எண்ணெய்க் கறையை அது விரைவில் காட்டிவிடும்.

ப்ளைவுட்டும் மைக்காவும் கொண்டு உட்புறம் முழுவதும் மூடிய மாடத்தில் ஒருபோதும் சுடர் ஏற்றக்கூடாது. நான் மேற்பார்வையிட்ட ஒரு வீட்டில் என் ஒப்புதலோடே இப்படிச் செய்தார்கள். மின்விளக்குதான் வைப்போம் என்று முதலில் சொன்ன குடும்பம், கார்த்திகைத் தீபத்தன்று ஐந்து அகல்களை உள்ளே ஏற்றியது. அரைமணி நேரத்தில் மேற்பலகையின் மைக்கா கொப்புளித்து எழும்பியது. நல்லவேளையாக வீட்டார் அருகில் இருந்ததால் அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை. பண்டிகை நாளில் தமிழ் வீட்டு மாடத்தில் சுடர் ஏறியே தீரும் என்று கருதித்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்சுவரை மற்றச் சுவரைவிட ஆழ்ந்த நிறத்தில் தீட்டினால் மாடத்தின் ஆழம் கூடியது போலத் தோன்றும்; பித்தளையும் செம்பும் அதன்முன் ஒளிரும். கருங்கல் சிலைக்கும் கறுத்த மரப்பொம்மைக்கும் இது எதிராக வேலை செய்யும். அவற்றுக்கு வெளிர்நிறமே ஏற்றது. பளபளக்கும் பெயின்ட் விளக்கொளியைத் திருப்பியடித்துக் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் மங்கல் பூச்சே என் தேர்வு.

குளியலறை மாடத்துக்குத் தனி விதி: அடித்தளம் முன்னோக்கிச் சிறிது சாய்ந்து, தண்ணீர் தேங்காமல் வழிய வேண்டும், டைல்ஸ் ஒட்டுமுன் நீர்க்காப்புப் பூச்சு ஐந்து முகங்களிலும் ஏற வேண்டும், இடுக்குகளுக்கு எபாக்ஸி நிரப்பு நல்லது.

ஒளி

தில்லிச் செங்கோட்டையில் சாவன், பாதோன் என்று இரு பளிங்கு மண்டபங்கள் உள்ளன. அங்கே அந்நாளில் வழிந்த நீர்த்திரைக்குப் பின்னால் சுவரில் வரிசையாகச் சிறு மாடங்கள் உண்டு. பகலில் அவற்றில் மலர்களையும் இரவில் விளக்குகளையும் வைத்தார்கள். ஒளியின் மூலம் கண்ணில் நேராகப் படாமல் நீரின் ஊடே கசிந்தது என்பதுதான் அதன் சிறப்பு. இன்றைய எல்.இ.டி. பட்டைக்கும் இதுவே பாடம்.

பட்டையை மாடத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால், முன்பக்கமாகவே ஒளித்துவைத்து உள்நோக்கித் திருப்ப வேண்டும். பின்மூலையில் பதித்தால் பின்சுவர் வெளுத்து, பொருள் நிழலுருவாகிவிடும். பால்நிற மூடி கொண்ட அலுமினியக் காடியில் பொருத்தினால் புள்ளிப்புள்ளியாகத் தெரியாது. வீட்டுக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளி போதும். நிறங்களை உண்மையாகக் காட்டும் அளவெண் (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல் இருப்பதாகக் கேட்டு வாங்க வேண்டும். மின்சாரத்தை இறக்கித் தரும் டிரைவர் பெட்டியைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிட்டால், அது பழுதாகும் நாளில் மாடத்தையே உடைக்க நேரும். கை எட்டும் இடத்தில் ஒரு மூடிக்குள் அதை வைப்பதே முறை.

கடைகளில்

சிக்பேட்டை, சிவாஜிநகர் கடைகளில் மாடம் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகிறது. ஒன்று, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சாமி படத்துக்கும் ஊதுவத்திக்கும். மற்றொன்று, சரக்கைக் காட்சிப்படுத்த. முன்னதற்கு வீட்டு விதிகளே பொருந்தும். ஆனால் துணிக்கடையில் சுடரைத் தவிர்த்து மின்விளக்கோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு என்று திட்டமாகச் சொல்வேன்.

காட்சி மாடத்தில் பெரும்பாலான கடைக்காரர்கள் செய்யும் தவறு, இடம் இருக்கிறதே என்று ஒரே மாடத்தில் ஏழெட்டுப் பொருள்களை நிரப்புவது. அப்போது அது மாடமாக இல்லாமல் அலமாரியாகிவிடுகிறது. ஒரு மாடத்துக்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு, அல்லது ஒரு பட்டுப்புடவையின் முந்தானை என்று கட்டுப்படுத்தினால்தான் சுவரைக் குடைந்த செலவுக்குப் பொருள் உண்டு. மிகுந்த சரக்கை வைக்க அலமாரி இருக்கிறது. எதை விற்க வேண்டுமென்று மனத்தார விரும்புகிறோமோ அதற்கு மட்டும் மாடம். தங்க நகைக்கு 3000 கெல்வின் ஒளி ஏற்றது. வெள்ளிக்கும் வைரத்துக்கும் 4000 அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளொளி வேண்டும். இரண்டையும் விற்கும் கடை இரண்டையும் ஒரே சுவரில் கலக்காமல் பிரித்து வைப்பது நல்லது.

வரிசையாக ஐந்தாறு மாடங்கள் அமைக்கும்போது மட்டம் பெருஞ்சோதனை. கடையின் தரை ஒருபக்கம் சரிந்திருக்கக்கூடும் என்பதால், தரையிலிருந்து அளந்து குறித்தால் வரிசையும் சரிந்துவிடும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தாலோ லேசர் கருவியாலோ சுவரில் ஒரு நேர்க்கோடு இழுத்து, எல்லா அளவையும் அந்தக் கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

வாடகைக் கடைக்காரர்களுக்கு இன்னொரு வழியையும் சொல்லியாக வேண்டும். கட்டட உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் சுவரைத் தொடவே கூடாது. ஒப்புதல் கிடைத்தாலும், காலி செய்யும்போது பழையபடி அடைத்துத் தரும் செலவு நம்முடையதாகவே இருக்கும். அதற்குப் பதிலாக, உள்பூச்சும் விளக்கும் எல்லாம் முடித்த மாடப்பெட்டிகளைப் பட்டறையிலேயே செய்துகொண்டு, கடையில் நிறுத்தும் ஜிப்சம் பொய்ச்சுவரின் சட்டகத்தில் திருகாணியால் பொருத்திக்கொள்ளலாம். இடம் மாறும் நாளில் திருகாணிகளைக் கழற்றி, பெட்டிகளைத் துணியில் சுற்றி, அடுத்த கடைக்கு எடுத்துச் சென்று அங்கே மீண்டும் சுவரில் அமர்த்தலாம். அப்போது புதிதாகச் செய்ய வேண்டியது பொய்ச்சுவர் மட்டுமே.